கரையைக் காப்பது கல்லா, மணலா?

கடலோர நகரம் ஒன்றைக் கடலிடமிருந்து காக்கும் தொழில், வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கல் கொட்டும் வேலையாகத் தோன்றினாலும், அதில் பல ஆண்டுகளைக் கழித்தவர்களுக்கு அது மணலைக் கணக்கிடும் வேலையாகவே பழகிப்போகிறது. ஓங்கி வரும் அலையின் ஆற்றலை முதலில் வாங்கிக்கொள்வது கரையின் மணற்சாய்வு. அலை அச்சாய்வில் ஏறி, உடைந்து, நுரைத்து, கொண்டுவந்த விசையில் பெரும்பகுதியை இழந்தபின்னரே சாலையையோ சுவரையோ அணுகுகிறது. சாய்வு அகலமாக இருக்கும் வரை அதன் பின்னுள்ள சுவருக்குப் பெரிய வேலை இருப்பதில்லை. அது கரைந்துபோனால் அதே சுவர் ஒவ்வோர் அலையையும் நெஞ்சில் ஏற்க வேண்டியதாகிறது. இவ்வுண்மை கோரமண்டல் கரையில் எவ்வளவு தெளிவாகவும், எவ்வளவு செலவிலும் கற்கப்பட்டது என்பதற்குப் புதுச்சேரியைப் போன்ற சான்று வேறு அரிது.

கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலைகள் கரையை நேர்க்கோணத்தில் சந்திக்காமல் சற்றே சாய்வாக வந்து மோதுவதால், உடையும் அலைக்கும் கரைக்கும் இடையில் கரையை ஒட்டியே ஓடும் ஒரு நீரோட்டம் உருவாகிறது. கலங்கிய மணலை அது ஏந்திச் செல்வதையே கரையோர மணல் நகர்வு என்பர். ஏறத்தாழ மார்ச் தொடங்கி அக்டோபர் வரை தெற்கிலிருந்து வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அது தெற்கே திரும்புகிறது. வடக்கு நோக்கிய காலம் நீண்டது என்பதால், ஆண்டு முடிவில் வரவு செலவு பார்த்தால் இலட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போயிருக்கும். ஒரு லாரியில் பத்துக் கன மீட்டர் ஏற்றலாம் என்று கொண்டால், ஓர் இலட்சம் கன மீட்டர் என்பது பத்தாயிரம் லாரிச் சுமை. அத்தனையையும் கூலியின்றி, ஓசையின்றி, இரவுபகலாகக் கடல் சுமந்துகொண்டிருக்கிறது. கரையில் ஒரு புள்ளியில் நிற்கும் மணல் நேற்று அங்கிருந்த மணலாக இருப்பதில்லை. தெற்கிலிருந்து வருவது வடக்கே போவதற்கு ஈடாக இருக்கும் வரை கரைக்கோடு நகராமல் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும்.

இந்த ஓட்டத்தின் குறுக்கே கடலுக்குள் நீளும் எந்தக் கட்டுமானமும் தன் தெற்குப் பக்கத்தில் மணலைச் சேர்த்துக்கொண்டு வடக்குப் பக்கத்தைப் பட்டினி போடும். சென்னைத் துறைமுகத்தின் வரலாறே இதற்கு முதற்பாடம். 1875 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டு எழுப்பப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் பெருமளவு குலைத்துப் போட்டது. அவை மீண்டும் கட்டப்பட்டன. தெற்கே மணல் குவிந்து மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை தேய்ந்து, தெருக்களும் வீடுகளும் போயின. மெரினாவின் அகலத்தைக் கண்டு வியப்பவர் அனைவரும் அதன் மறுபாதிக் கணக்கு வடசென்னை மீனவர் குப்பங்களில் எழுதப்பட்டிருப்பதை அறிவது நல்லது.

சென்னையில் நூறாண்டுகளில் நிகழ்ந்தது புதுச்சேரியில் ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்தது. அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் 1986 முதல் 1989 வரை துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. முகத்துவாரத்தின் தெற்கே தேங்கும் மணலை உறிஞ்சிக் குழாய் வழியாக வடக்கே கொட்டும் ஏற்பாடும் அத்திட்டத்திலேயே இருந்தது. இதனை மணல் கடத்தல் என்று சொன்னால் தமிழில் வேறு பொருள்பட்டுவிடும் என்பதால், மணல் தாண்டவிடுதல் என்று சொல்வது பொருந்தும். சுவர்கள் நின்றன, மணலைத் தாண்டவிடும் ஏற்பாடு முறையாக இயங்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் நகரின் முன்னிருந்த மணல்வெளி சுருங்கி மறைந்தது. காந்தி சிலைக்கும் பழைய கலங்கரை விளக்கத்துக்கும் முன்னால் கடற்கரைச் சாலையின் விளிம்பு வரை கருங்கற்கள் கொட்டப்பட்டன; பிரெஞ்சுக்காரர் காலத்துச் சுவரோடு இக்கற்குவியலும் சேர்ந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு நகரின் முகமாயிற்று. அதன்பின் பிறந்த புதுச்சேரிப் பிள்ளைகள் 'பீச்' என்ற சொல்லுக்குப் பாறைகள் என்று பொருள்கொண்டே வளர்ந்தார்கள்.

கல்லைக் கொட்டுவதில் பிழை இருந்ததாகச் சொல்லிவிட முடியாது. சாலை இடியும் நிலையில், பின்னால் தலைமைச் செயலகமும் குடியிருப்புகளும் இருக்க, அடுத்த வாடைக்குள் செய்யக்கூடியது அது ஒன்றே. ஆயினும் கற்சுவர் எப்படித் தோற்கிறது என்பதை அறிந்தவர் அதனைத் தீர்வு என்று அழைக்கத் தயங்குவார். மணற்சாய்வு அலையை உள்வாங்குகிறது. செங்குத்தான அல்லது கல்லடுக்கிய முகப்பு அதில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பும் அலையும் வரும் அலையும் சந்திக்கும் இடத்தில் கலக்கம் மிகுந்து, சுவரின் அடியிலுள்ள மணல் தோண்டப்படுகிறது. அடிமணல் போனபின் முன்வரிசைக் கல் சரிகிறது. அது சரிந்தபின் அதன்மேல் சாய்ந்திருந்த கல்லும் இறங்குகிறது. மேலிருந்து நோக்கும்போது சுவர் சிறிது அமிழ்ந்ததாக மட்டுமே தெரியும். எனவே மேலே இன்னும் சில லாரிக் கல் கொட்டப்படும், அதுவும் அதே குழிக்குள் இறங்கும்.

இன்னொரு தோல்வி இதைவிட மறைவானது. பெரிய கற்களுக்கு இடையில் பெரிய இடைவெளிகள் இருக்கும்; ஒவ்வோர் அலையும் பின்வாங்கும்போது அவ்விடைவெளிகள் வழியாகச் சுவரின் பின்னுள்ள மண்ணைச் சிறிது சிறிதாக இழுத்துச் செல்லும். இதனைத் தடுக்கவே பெருங்கல்லின் கீழ் சிறுகல் அடுக்கும், அதன்கீழ் மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணியும் விரிக்கப்படுகின்றன. இவ்வடுக்கினை வடிகட்டி என்பர். அவசரகாலத்தில் முதலில் கைவிடப்படுவது இந்த வடிகட்டியே, ஏனெனில் அது முடிந்த வேலையில் கண்ணுக்குத் தெரிவதில்லை. இக்கட்டுரையாளர் தொடக்க காலத்தில் பொறுப்பேற்றிருந்த ஒரு சிற்றூர்ச் சுவரில், துணி விரிக்கப்பட்டதாக அளவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தும், மூன்றாம் ஆண்டு மழையில் சுவருக்குப் பின்னிருந்த தெருவில் ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழி விழுந்தபோது அங்கே துணியே இல்லை என்பது தெரியவந்தது. எடைமேடையில் நின்று ஒவ்வொரு லாரியையும் சரிபார்த்தவர், கல்லுக்கு அடியில் என்ன விரிக்கப்பட்டது என்பதை நேரில் பார்க்காமல் கையெழுத்திட்டிருந்தார். அந்தக் கையெழுத்து இக்கட்டுரையாளருடையது. அதன்பின் துணி விரிக்கப்படும் நாளில் களத்தில் இல்லாமல் இருந்ததில்லை.

அதே ஊரில், சுவர் கட்டிய இரண்டாம் ஆண்டில், வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் சொன்னது, கருவிகள் பின்னர் உறுதிசெய்த அளவீடாகவே இருந்தது: "கல்லு முன்னாடி எறங்கிப் பாருங்க சார், போன வருசம் இடுப்பளவு இருந்துச்சு, இப்ப கழுத்தளவு." சுவரின் அடியில் நீரின் ஆழம் கூடுகிறது என்பதே அச்சொல்லின் பொருள்; இத்தொழிலில் அதைவிட முக்கியமான எண் இல்லை.

ஏன் முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடல்மட்ட உயர்வைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். ஆழம் குறைந்த நீரில் அலை தன் விருப்பப்படி உயர முடியாது. ஏறத்தாழ நீராழத்தின் 0.78 பங்கு உயரத்தை எட்டியவுடன் அது உடைந்துவிடும். சுவரின் அடியில் 2 மீட்டர் ஆழம் இருந்தால் அங்கே வந்து மோதக்கூடிய அலை சுமார் 1.6 மீட்டர் உயரமே இருக்கும். நடுக்கடலில் எவ்வளவு பெரிய புயல் வீசினாலும் அதற்கு மேற்பட்டவை முன்னரே உடைந்துவிடும். ஆழம் 2.5 மீட்டரானால், சுவரை எட்டும் அலை ஏறத்தாழ 2 மீட்டராகிறது. அரை மீட்டருக்கும் குறைந்த இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அலை பெயர்க்காமல் நிற்க ஒரு கல் எவ்வளவு எடை கொண்டிருக்க வேண்டும் என்பதைக் கணிக்க உலகெங்கும் பயன்படும் ஹட்சன் வாய்பாட்டின்படி, கல்லின் எடை அலை உயரத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. அலை கால் பங்கு உயர்ந்தால் கல் ஏறத்தாழ இரு மடங்கு கனக்க வேண்டும். 2 டன் கல் நின்ற இடத்தில் 4 டன் கல் தேவை. அதைத் தரும் கல்குவாரி அருகில் இராது, இருந்தாலும் லாரிக்கு இரண்டு மூன்று கல்லுக்கு மேல் ஏறாது. கான்கிரீட்டில் வார்த்த நான்கு கால் டெட்ராபாட்கள் 1950-இல் பிரான்சில் உருவாக்கப்பட்டதற்கு, இத்தகைய பெருங்கல் எளிதில் கிட்டாததும் ஒரு காரணம்.

இனிக் கடல்மட்டம். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடலின் சராசரி மட்டம் 20 செ.மீ. உயர்ந்துள்ளது, 2006 முதல் 2018 வரை அது ஆண்டுக்கு 3.7 மி.மீ. வேகத்தில் உயர்ந்தது. இந்நூற்றாண்டின் இறுதிக்குள், வெளியேற்றம் மிகக் குறைந்தால் 28 முதல் 55 செ.மீ. வரையும், மிகுந்தால் 63 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரையும் உயரக்கூடும் என்பது அதன் கணிப்பு. கேட்பவர் முழங்கால் அளவு நீர்தானே என்று எண்ணலாம். சுவரின் அடியிலோ அந்த முழங்கால் அளவு நீரின் மேல் ஏறி வரும் அலையே கணக்கு. மணல் தோண்டப்படுவதால் கீழிருந்தும், கடல் உயர்வதால் மேலிருந்தும் ஆழம் கூட, இரண்டும் ஒரே கல்லின்மேல் சேர்ந்து விழுகின்றன. மணல் உள்ள கரையிலும் விளைவு சிறிதன்று. பெர் புரூன் என்ற பொறியாளர் 1962-இல் முன்வைத்த விதியின்படி, கடல் உயரும் அளவைப் போல 50 முதல் 100 மடங்கு வரை கரை பின்வாங்கும். அதாவது 10 செ.மீ. உயர்வுக்கு 5 முதல் 10 மீட்டர். கரையை ஒட்டி மணல் வருவதும் போவதும் சமம் என்று அவ்விதி கொள்வதால், கோரமண்டல் போன்ற ஓட்டமுள்ள கரைக்கு அதனைப் பரும்படியான வழிகாட்டியாக மட்டுமே கொள்ள வேண்டும். இங்கே துறைமுகம் ஒன்று மணலை மறித்தால் ஒரே பருவத்தில் நிகழும் அரிப்பு, கடல்மட்ட உயர்வு பல ஆண்டுகளில் செய்வதை விஞ்சிவிடும்.

புதுச்சேரியின் சுவர் நகரைக் காத்தபோது, அரிப்பு வடக்கே நடந்துசென்றது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று ஒவ்வொரு மீனவர் குடியிருப்பின் முன்னும் கல் வந்தது. அதன்பின் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் ஆகிய ஊர்களின் கரை தேய்ந்தது. வீடிழந்தவர்கள் சாலையை மறித்தார்கள். மறியலுக்குப் பின் 'தூண்டில் வளைவு' கேட்டார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டப்படும் சிறு கற்கரையைத் தூண்டில் வளைவு என்பது நம் கடலோர மக்களின் வழக்கு. மீன்வளத்துறையின் அறிவிப்புகளிலும் அதுவே ஆளப்படுகிறது. அது தன் தெற்கே சிறிது மணலைப் பிடித்துத் தரும், படகு ஏற்ற இடமும் தரும். ஆனால் துறைமுகம் பெரிய அளவில் செய்ததையே சிறிய அளவில் செய்து, அடுத்த ஊரின் மணலைக் குறைக்கும். அடுத்த ஊரும் ஒன்று கேட்கும். இவ்வாறு ஊருக்கு ஊர் கேட்பதைப் பேராசை என்று ஏளனம் செய்த அதிகாரிகளையும் பார்க்க நேர்ந்ததுண்டு. தன் வாசலில் கடல் வந்து நிற்கும் ஒருவர், முந்தின ஊருக்குக் கிடைத்ததைக் கேட்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? பிழை கேட்பவரிடம் இல்லை. ஆற்றுவாய் முதல் ஆற்றுவாய் வரை ஒரே மணற்கணக்காக நடத்த வேண்டிய கரையை, ஊர் எல்லையாலும் மாநில எல்லையாலும் கூறுபோட்டுத் தனித்தனி மதிப்பீடு போடும் நிர்வாக முறையிலேயே இருக்கிறது.

கடலிலிருந்து வரும் நீரை மட்டும் எண்ணிக் கரையைக் கட்டுபவர், நகரத்திலிருந்து கடலுக்குப் போக வேண்டிய நீரை மறந்துவிடுவதும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த பெங்கல் புயல், பல மணி நேரம் நகராமல் நின்று, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை பொழிந்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்து, இராணுவத்தினர் படகில் மக்களை மீட்டனர். அங்கே புகுந்தது கடல்நீர் அன்று. வாய்க்கால்களால் வெளியேற்ற முடியாத மழைநீர். நகரின் பெரிய வாய்க்காலும் உப்பாறும் சரிவை நம்பிக் கடலை நோக்கி ஓடுபவை. புயல் கடலை உயர்த்தி நிறுத்தும்போது, ஓதம் ஏறியிருக்கும் மணிகளில் அச்சரிவு இல்லாமற்போகிறது. வாயிலில் ஒருவழிக் கதவு வைத்தால் கடல்நீர் உள்ளே வராது. ஆனால் கதவு மூடியிருக்கும் நேரத்தில் பெய்யும் மழைக்கு உள்ளேயே ஓர் இடம் வேண்டும். ஏரி, குளம், உப்பங்கழி என்று அந்த இடத்துக்கு நம்மிடம் முன்பே பெயர்கள் இருந்தன. அவற்றைத் தூர்த்தபின் எஞ்சுவது பம்பு மட்டுமே. கடல்மட்டம் உயர உயர, கதவு மூடியிருக்கும் நேரம் நீளும். எனவே கடற்சுவரின் உயரத்தைத் தீர்மானிக்கும் அதே மேசையில், வாய்க்காலின் அடிமட்டமும் ஏரியின் கொள்ளளவும் பேசப்பட வேண்டும். சென்னையில் அடையாறு, கூவம் ஆகியவற்றின் முகத்துவாரங்களை மணல் திட்டு அடைத்துக்கொள்வதும் இதே கணக்கின் மறுபக்கம்: ஓரிடத்தில் மணல் இல்லாமையே ஆபத்து, வேறோரிடத்தில் அது இருப்பதே ஆபத்து.

இத்தகைய சூழலில் புதுச்சேரியில் செய்யப்பட்ட மாற்று முயற்சி இத்தொழிலில் இருப்பவர்கள் அனைவரும் கவனிக்க வேண்டியது. கரை மீண்டும் மணலாக வேண்டும் என்று பாண்டிகேன் போன்ற குடிமக்கள் அமைப்புகள் நெடுநாள் வலியுறுத்தி வந்த நிலையில், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் ஒரு திட்டத்தை வகுத்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே, கரைக்குச் சற்று அப்பால், எஃகால் ஆன ஆப்பு வடிவப் பேரமைப்பு ஒன்று 2018-இல் நீருக்குள் அமர்த்தப்பட்டது. இதனை மூழ்கிய திட்டு எனலாம். கடற்காட்சியை மறைக்காமல் நீர்ப்பரப்புக்குக் கீழேயே இருந்துகொண்டு, அது தன்மேல் ஏறும் அலைகளின் விசையைக் குறைக்கிறது. அதன் நிழலில் கரையோர ஓட்டம் மெலிந்து, ஏந்தி வந்த மணலைக் கீழே விடுகிறது. துறைமுக வாயிலில் தூர் வாரிய மணலும் கரையில் கொண்டுவந்து இடப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கல்லை மட்டுமே கண்ட நகரம் மீண்டும் மணலில் கால் வைத்தது.

அந்த மணல்வெளியை முதன்முதலாகப் பார்த்த மாலையில், கருங்கற்களின் விளிம்பில் நின்றிருந்த இக்கட்டுரையாளருக்குத் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை எதிர்த்திசையில் செலவிட்டதாக ஒரு வருத்தமும், அதைவிடப் பெரிய மகிழ்ச்சியும் ஏற்பட்டதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் திட்டு தானாக மணலை உண்டாக்குவதில்லை. வரும் மணலைப் பிடித்து வைக்கவே அதனால் முடியும். தெற்கே துறைமுகச் சுவர் மறித்து நிற்கும் வரை, மனிதர்கள் மணலைத் தாண்டவிட்டால்தான் வடக்கே வரவு உண்டு. அதனால்தான் இத்திட்டத்தைக் கட்டி முடிக்கும் வேலையாகக் கருதாமல், வாய்க்கால் தூர்வாருவதைப் போல ஆண்டுதோறும் நடக்க வேண்டிய பராமரிப்பாகக் கருத வேண்டும். இங்கேதான் பணம் தடுக்கிறது. கல்லுக்கு ஒரு முறை பெருந்தொகை ஒதுக்குவது எளிது. அடிக்கல்லும் திறப்பு விழாவும் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் ஒரே தொகையை மணலுக்கு ஒதுக்கச் சொன்னால், "போன வருடம் போட்ட மணல் எங்கே?" என்ற கேள்வி எழும். அது வடக்கே போயிற்று என்பதே நேர்மையான விடை. போவதற்காகவே அது போடப்பட்டது, போகும் வழியில் அது நகரையும் பின் வைத்திக்குப்பத்தையும் பின் தந்திராயன்குப்பத்தையும் காத்தது என்று விளக்க, கையில் அளவீடு வேண்டும்.

அளவீடு என்பது பெரிய கருவி ஒன்றுமில்லை. கரையில் மாறாத குறிக்கற்களை நட்டு, ஒவ்வொரு மாதமும் ஓதம் இறங்கிய நேரத்தில் அதே கோட்டில் நடந்து, லெவல் கருவியால் மட்டம் எடுத்து, நீருக்குள் படகிலிருந்து ஆழம் பார்த்து, ஒரே தாளில் வரைந்தால், கரை மூச்சு விடுவதைப் போல வாடையில் ஒடுங்குவதும் பின் நிரம்புவதும் தெரியும். அவ்வாறு பத்தாண்டுகள் தொடர்ந்த வரைபடம், எந்தக் கணினி மாதிரியைவிடவும் நம்பத்தக்கது. அது பெரும்பாலான ஊர்களில் இல்லை. சிக்கல் வந்தபின் மூன்று மாத ஆய்வு, அறிக்கை, கல் என்பதே வழக்கமாக இருக்கிறது.

எனவே புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் இப்பொறுப்பில் இருப்பவர்களிடம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. துறைமுக வாயிலில் வாரும் மணலை மணலாகவே, கட்டுமானத்துக்கு விற்காமலும் ஆழ்கடலில் கொட்டாமலும், வடக்கேயுள்ள கரையில் சேர்க்க வேண்டும். அதை வாடை தொடங்குவதற்கு முன், அக்டோபருக்குள் முடிக்க வேண்டும். இரு அரசுகளும் முகத்துவாரம் முதல் பொம்மையார்பாளையம் வரை ஒரே குறிக்கற்களை நட்டு, மாதந்தோறும் எடுக்கும் மட்டங்களை அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்தாரும் படிக்கும்படி தமிழில் வெளியிட வேண்டும்.